கூர் மாறிய சவரக்கத்தி

கேசினா: மீசையையும் சேத்தே எடுத்துடுங்க தம்பி. அவர் பேச்சைக் கேக்காதீங்க.

ஹார்மென்: மீசை இருக்கட்டும்னு உள்ள வரும்போதே சொன்னேனே!

கேசினா: உன்னை யாரு கேட்டா? கல்யாணப் பொண்ணு சொல்லியாச்சு. அப்பா கன்னம் மொழுமொழுன்னு இருக்கணும், அப்பதான் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வருவேன்னு.

வீபே: பொண்ணுக்கு இன்னிக்கா கல்யாணம்?

கேசினா: மதியம். இதோ ரெண்டு தெரு தள்ளி, நகரமன்றத்துல. மாப்பிள்ளை உங்க கடையிலதான் முடி வெட்டிக்குவானாம். அவன் சொல்லித்தான் இந்த மழையில தேடிப் பிடிச்சு வந்தோம்.

ஹார்மென்: இருபது வருஷத் தாடி தம்பி. பாத்து எடு.

வீபே: வலது கன்னம் முடிஞ்சிருச்சு ஐயா. முகத்தை இந்தப் பக்கம் திருப்புங்க… ம். போதும்.

கேசினா: கையில என்ன தம்பி அது? சட்டைக்குள்ளேருந்து எட்டிப் பாக்குதே.

வீபே: இதுவா… ஒண்ணுமில்லம்மா. பழசு.

கேசினா: சவரக்கத்திதானே? பச்சை குத்தினதா? இன்னும் கொஞ்சம் மேல மடிங்க, பாப்போம்.

வீபே: எங்க தொழில்ல பாதிப் பேர் கையில இருக்கும். இதுல பாக்க என்ன…

கேசினா: திறந்திருக்கே. அதுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

வீபே: திறந்திருந்தா, ஆளு தொழில்ல இருக்கான்னு அர்த்தம். மடிச்ச கத்தின்னா விட்டுட்டான். இல்லைன்னா, கூட வேலை செஞ்சவன் எவனோ செத்துப்போய், அவன் ஞாபகமா குத்திக்கிட்டிருப்பான். பக்கத்துல ரோஜா இருந்தா வீட்டுல ஒருத்தி இருக்கா… ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க.

கேசினா: உங்களுக்கு ரோஜாவைக் காணோமே!

வீபே: அப்ப கல்யாணம் ஆகல. ஐயா, உதட்டை உள்ள இழுத்துக்குங்க.

கேசினா: இருங்க, இருங்க. நீங்க பிடிச்சிருக்கிற கத்தி மாதிரி இல்லையே இது. கூர் அந்தப் பக்கமால்ல இருக்கு?

வீபே: ஐயா, தலையை ஆட்டாதீங்க.

கேசினா: இதை மடிச்சா முதுகுதானே பிடிக்குள்ள போகும்? கூர் வெளியில நிக்குமே! எடுக்கப் போறவன் விரல் என்ன ஆகறது?

வீபே: நல்ல கண்ணும்மா உங்களுக்கு… என்னது ரென்ஸ்கே? ஆமா, அதைத்தான் கேக்கறாங்க! நீ வேலையைப் பாரு, நான் சொல்லிக்கறேன்.

கேசினா: யாரு அது?

வீபே: என் வீட்டுக்காரி. உள்ள துண்டை ஆவியில வச்சிட்டிருக்கா. கடையே அவளோடதுதான், அவ அப்பா குடுத்தது. இந்தக் கதைன்னா அவளுக்கு உசிரு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பா.

கேசினா: என்ன கதை?

வீபே: கதைன்னு ஒண்ணுமில்ல. ரோட்டர்டாம்ல, துறைமுகத்துப் பக்கம் ஒருத்தர்கிட்ட குத்திக்கிட்டேன். அந்த ஆளு… நல்ல போதையில இருந்தார். கூரை மாத்திப் போட்டுட்டார். அவ்வளவுதான்.

கேசினா: ரோட்டர்டாமா! அட, நாங்களும்…

ஹார்மென்: கேசினா!

வீபே: அசையாதீங்க ஐயா! கன்னத்துல கத்தி இருக்கு.

ஹார்மென்: இருமல் தம்பி… இருமல் வந்துருச்சு.

கேசினா: மத்த சவரக்காரங்க பாத்துச் சிரிக்கலையா?

வீபே: சிரிக்காமயா? வருஷா வருஷம் யூட்ரெக்ட் ஊர்ல எல்லாரும் கூடுவோம். அங்க என் பேரே 'தப்புக்கத்தி வீபே'தான். வரிசையில நின்னு என் கையைப் படம் எடுப்பானுங்க.

கேசினா: பாவம்…

வீபே: கேக்குதா, உள்ள சிரிக்கறா பாருங்க. இதோ, துண்டை வாங்கிட்டு வந்துடறேன். அப்படியே இருங்க ஐயா.

கேசினா: …போயிட்டார். என்ன உனக்கு? மூஞ்சி நுரையை விட வெளுத்துக் கிடக்கு.

ஹார்மென்: மெதுவா பேசு. அந்தக் கதவு சாத்தல.

கேசினா: என்னன்னு சொல்லித் தொலை மனுஷா.

ஹார்மென்: அது நான் குத்தினது.

கேசினா: எது?

ஹார்மென்: எதுவா? அந்தக் கத்தி! பிடியில நிழல் போட்டிருக்கு பாத்தியா, புள்ளி புள்ளியா, ஓரம் போகப் போகத் தேய்ஞ்சு? துறைமுகத்துல அப்படிப் போடறவன் நான் ஒருத்தன்தான். ஏன், இன்னிக்கும் அப்படித்தான் போடறேன்.

கேசினா: ஐயையோ… ஆளை ஞாபகம் இருக்கா?

ஹார்மென்: ஆளா? அந்த வருஷமே ஞாபகம் இல்ல. நம்ம பொண்ணு ஃபெம்கே பிறந்தநாளையே மறந்துட்டுக் கிடந்த வருஷம். உனக்குத் தெரியாதா?

கேசினா: தெரியும்… தெரியும்.

ஹார்மென்: மத்தவன் குடிச்சா அவன் வீட்டோட போயிடுது. நான் குடிச்சது எந்தெந்த ஊர்ல, எவனெவன் தோல்ல நடமாடிக்கிட்டிருக்கோ.

கேசினா: இப்ப எதுக்கு அதெல்லாம்? குடியை விட்டு எவ்வளவு காலம் ஆச்சு!

ஹார்மென்: விட்டா ஆச்சா? அது அழிஞ்சிருச்சா அவன் கையில? உள்ள இருக்கிறவ ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கறவ. மாப்பிள்ளை தலையைக் குடுக்கிற கடை இது. நாளைக்கே ஃபெம்கே காதுக்குப் போகும். எத்தனை வருஷம் பேசாம இருந்த பொண்ணு கேசினா… இன்னிக்குத்தான் அப்பான்னு கூப்பிட்டிருக்கா.

கேசினா: எழுந்திரு. போயிடலாம்.

ஹார்மென்: எப்படி? ஒரு கன்னம் குழந்தை மாதிரி, ஒரு கன்னம் மாலுமி மாதிரியா?

கேசினா: வேற கடையில மிச்சத்தை…

ஹார்மென்: இன்னும் கேளு. குடிச்சுக் கிடந்த அந்தக் காலத்துல எனக்குத் தாடி கிடையாது. அவன் பாத்தது வழுவழு மூஞ்சியை. இவன் வழிக்க வழிக்க நான் வெளியில வந்துக்கிட்டிருக்கேன்!

கேசினா: அதான் மீசையை விடமாட்டேன்னு அடம் பிடிச்சியா?

ஹார்மென்: அது அப்ப. அப்ப சும்மா ஆசைக்குக் கேட்டேன். இப்ப உசிருக்குக் கேக்கறேன்.

கேசினா: கையைத் துணிக்குள்ளயே வை. உன் விரலெல்லாம் பச்சை. என்ன வேலைன்னு கேட்டா, கிரேன் ஓட்டினேன்னு சொல்லு.

ஹார்மென்: கிரேனா? ஏணியில ரெண்டு படி ஏறினாலே எனக்குத் தலை சுத்தும்.

கேசினா: அது அவருக்குத் தெரியுமா? உஷ், வர்றார்.

வீபே: சூடு சரியா இருக்கா ஐயா?

ஹார்மென்: ம்… முகத்துலயே இருக்கட்டும் தம்பி. நல்லா மூடி வை.

வீபே: மூடி வச்சா எப்படி வழிக்கறது?

ஹார்மென்: இந்தப் பக்கம் அப்படியே விட்டுடேன். லேசா கத்தரிச்சா போதும்.

வீபே: பாதியில விட்டா கல்யாணப் படத்துல பேயறைஞ்ச மாதிரி இருக்குமே… ரென்ஸ்கே! அந்தக் கதவைச் சாத்திக்க, ஆவி எல்லாம் வெளிய வருது. சாத்துன்னா சாத்தேன்!

கேசினா: ஏன் தம்பி, இருக்கட்டுமே. அவங்களும் பேசிட்டிருக்கலாம்ல?

வீபே: வேணாம்மா. அவ வந்தா வேலை ஓடாது. …ஐயா என்ன வேலை?

ஹார்மென்: கிரேன்.

வீபே: கிரேனா?

ஹார்மென்: கிரேன்தான். துறைமுகத்துல. உயரமா.

வீபே: சரி… கிரேன்னா கிரேன்.

கேசினா: என்ன தம்பி, உங்க கை நடுங்குது?

வீபே: இல்லையே.

கேசினா: நடுங்குது. நுரை எல்லாம் அவர் காதுல போகுது.

வீபே: காலையில காபி கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு.

ஹார்மென்: தம்பி… அந்தப் பச்சை… இன்னும் மனசுல கோவம் இருக்கா உனக்கு?

வீபே: அந்தப் பேச்சு எதுக்கு ஐயா இப்ப?

ஹார்மென்: இல்ல, சும்மா…

வீபே: பழசைக் கிளறினா யாருக்கும் நல்லதில்ல. உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

ஹார்மென்: எனக்கா? எனக்கு ஏன்?

வீபே: பொதுவா சொன்னேன்.

ஹார்மென்: ஆ!

வீபே: ஐயோ… மன்னிச்சுக்குங்க! மன்னிச்சுக்குங்க ஐயா. சின்னக் கீறல்தான். படிகாரம் வைக்கறேன், உடனே நின்னுடும்.

கேசினா: ரத்தம் வருதே!

வீபே: இந்த நாற்காலியில யாரையும் நான் வெட்டினதே இல்லம்மா. நிஜமா. என்னவோ இன்னிக்கு…

கேசினா: தம்பி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்தப் பச்சை குத்தின ஆளு ஒரு நாள் இந்தக் கடைக்கே வந்தா?

ஹார்மென்: கேசினா, வாயை மூடு.

வீபே: வந்தாவா… அந்த ஆளு இந்தப் பக்கமே வந்துடக் கூடாதுன்னுதாம்மா இத்தனை வருஷமா நினைச்சிட்டிருக்கேன்.

கேசினா: வந்தே தொலைச்சுட்டார்னு வைங்க.

வீபே: வாயைத் திறக்க விடமாட்டேன்.

கேசினா: அடக் கடவுளே!

வீபே: மீசையும் போயாச்சு. மிச்சம் கழுத்துதான். நல்லாப் பின்னால சாய்ங்க ஐயா. இன்னும். தொண்டை தெரியணும்.

ஹார்மென்: கழுத்து வேணாம் தம்பி.

வீபே: கழுத்துலதான் ஜாஸ்தி முடி இருக்கு.

ஹார்மென்: சட்டைக் காலர் மறைச்சுக்கும். போதும். நான் எழுந்திரிக்கிறேன்.

வீபே: ஐயா, கண்ணாடியில ஏன் என் முகத்தையே பாக்கறீங்க?

ஹார்மென்: நீதானே என் முகத்தையே பாத்துக்கிட்டிருக்கே!

வீபே: முகம் வழிக்கறவன் முகத்தைப் பாக்காம எதைப் பாப்பான்? சாய்ங்க.

ஹார்மென்: கத்தியைக் கீழ வை.

வீபே: ஐயா…

ஹார்மென்: கீழ வைன்னு சொல்றேன்ல! அப்படி, அந்தத் தட்டுல. …நான்தான் அது.

கேசினா: ஹார்மென், வேணாம்!

ஹார்மென்: நான்தான்! உன் கையைக் கெடுத்தவன் நான். கிரேனும் இல்ல ஒண்ணும் இல்ல. இந்தா பாரு என் விரலை. பச்சை குத்தறவன் விரல்தானே இது?

வீபே: மெதுவா… மெதுவா பேசுங்க.

ஹார்மென்: எனக்கு உன்னை ஞாபகம் கூட இல்ல தம்பி. அதான் ரொம்ப அசிங்கமா இருக்கு. ஒரு மனுஷன் சாகற வரைக்கும் சுமக்கப் போறதைக் குத்தியிருக்கேன், முகம் ஞாபகம் இல்ல. அவ்வளவு குடி.

வீபே: ஐயா, கதவு…

ஹார்மென்: கதவு கிடக்கட்டும்! காசு வேணாம், ஒண்ணும் வேணாம். எப்ப வந்தாலும் சரிபண்ணித் தர்றேன். பழைய கூரை மறைச்சு ரோஜாவை வச்சிடலாம், முதுகுப் பக்கம் மெல்லிசா ஒரு கோடு இழுத்தா கத்தி நேராயிடும். ஆனா இன்னிக்கு மட்டும் விட்டுடு. இன்னிக்கு என் பொண்ணு முன்னால நான் நல்லவனா நிக்கணும்.

கேசினா: அழாத மனுஷா… நுரையெல்லாம் கண்ணுல போகுது.

வீபே: எழுந்திரிக்காதீங்க ஐயா, கால்ல விழறேன். உக்காருங்க.

ஹார்மென்: இல்ல. ஊரெல்லாம் உன்னைப் பாத்துச் சிரிச்சுது, உன் வீட்டுக்காரியும் சிரிச்சாங்க. தப்பு பண்ணினவன் நேர்ல நின்னு மன்னிப்புக் கேக்கறதுதான் மரியாதை. அம்மா! ரென்ஸ்கேம்மா! கொஞ்சம் வெளிய வாங்க!

வீபே: கூப்பிடாதீங்க!

ஹார்மென்: ஏன் தம்பி? அந்தக் குடிகாரன் நான்தான்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டுமே!

வீபே: நீங்க அன்னிக்குக் குடிக்கவே இல்ல ஐயா! காபிதான் குடிச்சிட்டிருந்தீங்க. கத்தியைப் பேனாவால என் கையில வரைஞ்சுக்கிட்டு வந்தது நான். "கூர் இந்தப் பக்கமா வரும்?"னு நீங்க ரெண்டு தடவை கேட்டீங்க. "சவரக்காரனுக்கே சொல்லித் தர்றீங்களா?"ன்னு நான்தான் எகிறினேன். அன்னிக்கு வரைக்கும் நான் கத்தியைக் கையால தொட்டதே இல்ல. பச்சையைப் பாத்தா வேலை குடுப்பாங்கன்னு குத்திக்கிட்டு, நேரா இங்க வந்து நின்னேன். கூர் மாறியிருக்கிறதை ரென்ஸ்கே பாத்ததும் கண்டுபிடிச்சுட்டா. சட்டுனு பழியை உங்க மேல போட்டேன். அவ சிரிச்சா, வேலை குடுத்தா, என்னையே கட்டிக்கிட்டா. நீங்க உள்ள வந்து பேசினதுமே குரல் தெரிஞ்சுபோச்சு, அப்ப பிடிச்ச நடுக்கம்தான் இந்தக் கைக்கு… ஐயோ, கதவைத் திறக்கறா. உங்க பொண்ணு காதுக்கு ஒரு வார்த்தை போகாது, அதுக்கு நான் பொறுப்பு. அவ உள்ள போற வரைக்கும் மட்டும் குடிகாரனாவே இருந்துடுங்க ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!