இடது கண்ணாடியின் கீழ் மூலை

விடியற்காலை ஐந்தாக ஐந்து நிமிடம். தண்ணீர் லாரிகள் நிரப்பும் இடத்திலிருந்து ஊருக்குள் போகிற சாலை... ஒரு பக்கம் நீளமான மதில். இன்னொரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கடை கிடையாது. குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது. மதில் முடிகிற இடத்தில் இடப்பக்கம் சட்டென்று ஒரு திருப்பம்.

கதை கேட்கிறவர்களில் கதவோரம் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள். எல்லாம் அந்தத் திருப்பத்தில் தொடங்கியதுதான்.

நடந்தது என் சிநேகிதனின் அத்தானுக்கு. அக்காள் புருஷன். சிநேகிதன் லாரி மெக்கானிக். ‘சாயங்காலம் வண்டி ரெடியாயிடும்’ என்பதைத் தவிர வேறு பொய் சொல்லத் தெரியாதவன்.

அத்தான் தண்ணீர் லாரி ஓட்டுபவர். ஆறடி உயரம். கூட ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் நிதானம். இருபத்திரண்டு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. பச்சை விளக்கு விழுந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பின்னால் நிற்பவன் கத்தினால், “அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்” என்பார்.

அப்பேர்ப்பட்ட ஆள்... அந்தத் திருப்பத்தில், இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, மெதுவாகத்தான் வண்டியைத் திருப்பினார். கண்ணாடியில் யாரும் இல்லை.

ஆனால் ஆள் இருந்தது. ஆபீஸ் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கும் வேலைக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள். ஐம்பது வயசு இருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, லாரிக்காரர்கள் பிளைண்ட் ஸ்பாட் என்பார்களே, கண்ணாடியில் விழாத அந்த இடத்தில் வந்துகொண்டிருந்தாள். வண்டி ஒரு குலுங்குகூடக் குலுங்கவில்லை. ஒரே ஒரு சத்தம்... க்ரக். தகர டப்பாவை மிதித்த மாதிரி. இறங்கிப் போய்ப் பார்த்தார். அம்மாளுக்கு உயிர் இல்லை. அவள் பையிலிருந்த பினாயில் பாட்டில் உடைந்து சாலை முழுக்க அந்த நெடி.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து அந்த இடம் தெரியாது, அவர் மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அத்தான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “தெரியலைன்னு எழுதாதீங்க சார். நான் பார்க்கலைன்னு எழுதுங்க” என்று அங்கேயே நின்றாராம்.

இரண்டு மாதம் போயிற்று. முதலாளிக்கு உறைத்தது. ஒரு பெட்டி நிறையக் குட்டிக் கண்ணாடிகள் வாங்கிப் போட்டார். வட்டமாக, கொஞ்சம் புடைத்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. பக்கக் கண்ணாடியின் மேலேயே ஒட்டிவிட்டால், தெரியாத இடமும் தெரியும்.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் சூட்சுமம். மேல் வெளி மூலையில் ஒட்டுவது வழக்கம். அங்கே வெறும் வானம்தான் தெரியும், மறைந்தால் நஷ்டமில்லை. உள் மூலையில் ஒட்டினால் சொந்த வண்டியின் உடம்புதான் பாதி தெரியும். கீழ் மூலையில் ஒட்டினால் பக்கத்து ரோடு மறையும். ஒட்டினால் ஒட்டினதுதான், லேசில் பிய்க்க வராது. அதனால் முதலில் டேப் போட்டு நிறுத்தி, ஒருவர் சீட்டில் உட்கார, இன்னொருவர் வண்டியைச் சுற்றி நடந்து காட்ட வேண்டும்.

மாலை ஆறரை. ஷெட்டில் அந்த ஒரு லாரிதான் பாக்கி. மற்ற ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போயாயிற்று. அத்தான் சீட்டில். சிநேகிதன் இடது கண்ணாடியின் மேல் மூலையில் டேப்பைப் போட்டுவிட்டு, லாரியோரமாகப் பின்னால் நடந்தான்.

“தெரியறேனா அத்தான்?”

“தெரியறே. பின் சக்கரம் வரைக்கும் தெரியுது.”

“அப்ப ஒட்டிடலாமா?”

“இரு மாப்ளே... முதல்ல அவங்களைப் போகச் சொல்லு.”

சிநேகிதன் திரும்பிப் பார்த்தான். ஷெட் காலி. தொட்டியின் வால்விலிருந்து தண்ணீர்... சொட்... சொட்...

“யாரை அத்தான்?”

“உன் பின்னாலதான் நிக்கிறாங்க. சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு.”

முதலில் பயம் வரவில்லையாம் அவனுக்கு. பாவமாக இருந்ததாம். மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதே என்று. பேச்சை மாற்ற, கண்ணாடியை உள் மூலைக்கு நகர்த்தினான்.

“இப்ப?”

“முதுகு மட்டும் தெரியுது.”

கீழ் வெளி மூலைக்கு நகர்த்தினான். “இப்ப?”

படியில் ஏறி ஜன்னல் வழியே பார்த்தான். அத்தானின் கண் இரண்டும் கலங்கியிருந்தன.

“இங்கதான் மாப்ளே. இங்க முகம் தெரியுது.”

“இங்க வச்சா ரோடு மறையுமே அத்தான்.”

“ஒட்டு.”

சிநேகிதன் அவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே சீட்டில் உட்கார்ந்து பார்த்தான். பின் சக்கரத்துப் பக்கத்தில் அத்தான் கட்டைவிரல் அளவில் தெரிந்தார். வேறு யாரும் இல்லை. ஆனால் அத்தான் நின்ற விதம்... டயரோடு டயராக ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு, யாருக்கோ வழி விட்டு நின்றார். அதே நேரம் ஜன்னல் வழியே நெடி வந்தது. பினாயில்.

அந்த ஷெட்டை யாரும் கழுவியதே கிடையாது.

அவர் சொன்ன இடத்திலேயே ஒட்டிவிட்டு வெளியே வந்தான். தன் கையாலேயே அதை ஒட்டியதை மட்டும் அவனால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அந்தத் திருப்பத்தில் அத்தான் இண்டிகேட்டரைப் போட்டு வண்டியை நிறுத்திவிடுவாராம். பின்னால் வருகிற லாரிகள் ஹாரன் அடித்து ஓயும். அவர் இடப்பக்கம் பார்த்து, “போங்கம்மா... நீங்க போங்க” என்பார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திருப்புவார்.

ஒரு நாள் அக்காள் சிநேகிதனைத் தேடி ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

“ராத்திரி தூக்கத்துல ‘போங்கம்மா போங்கம்மா’ங்கிறார்டா. முன்னெல்லாம் தூக்கமில்லாமப் புரளுவார். இப்ப நல்லாத் தூங்குறார். அதுதான்டா பயமா இருக்கு. அந்தக் கண்ணாடியைப் பிய்ச்சுப் போட்டுடு.”

அன்று மத்தியானமே பிளேடோடு போனான். அத்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கோபமில்லை. கெஞ்சினார்.

“எடுத்துட்டா அவங்க எங்க நிக்கிறாங்கன்னு எனக்கு எப்படிடா தெரியும்?”

சிநேகிதன் பிளேடைத் தாழ்த்தினான்.

“மொதல்ல பின் சக்கரத்துகிட்ட நின்னாங்க. தினம் ஒரு அடி முன்னால வர்றாங்க. நேத்து கதவுகிட்ட...” அத்தான் பிளேடை வாங்கி அவன் சட்டைப் பையிலேயே போட்டு, “வீட்டுக்குப் போ. அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதே” என்று அனுப்பிவிட்டார்.

நான்காம் நாள் காலை ஐந்தே காலுக்குப் போன் வந்தது.

சிநேகிதன் போய்ச் சேர்ந்தபோது லாரி அந்தத் திருப்பத்தில் நின்றிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இண்டிகேட்டர்... டிக்... டிக்... டிக்... ஓட்டுநர் பக்கத்துக் கதவு உள்ளே பூட்டியபடி இருந்தது. இடது கதவு அகலத் திறந்து கிடந்தது. அத்தான் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, ஒருக்களித்துப் படுத்திருந்தார். உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அவருக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

லாரி சும்மா நிற்குமா? பத்து நாளில் வேறு ஓட்டுநர் வந்தான். வெளியூர்க்காரன், கலகலப்பான ஆள். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. முதலாளி சொல்லவும் விடவில்லை. சிநேகிதன் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தான். பிறகு, ஆயில் மாற்ற வண்டி ஷெட்டுக்கு வந்த அன்று, யாரிடமும் கேட்காமல் படியில் ஏறி, குட்டிக் கண்ணாடிக்கு அடியில் பிளேடைக் கொடுத்தான்.

புது ஓட்டுநர் டீ கிளாஸோடு ஓடி வந்தான்.

“ஐயோ, அதை எடுத்துடாதீங்கண்ணே! அது இல்லேன்னா மதில் திருப்பத்துல என்னைக்கோ ஆளை அடிச்சிருப்பேன்.”

“யாரை?”

“காலையில ஒரு அம்மா சைக்கிள்ல வருமே, தெரியாதா? அதுவும் டபுள்ஸ் வேற. பின்னால கேரியர்ல ஒரு ஆம்பளை.”

சிநேகிதனின் கை அப்படியே நின்றது.

“யாரு... ஆள் எப்படி இருப்பார்?”

“முகம் சரியாத் தெரியலைண்ணே. நல்ல உசரம். கால் ரெண்டும் தரையில தேய்ஞ்சுக்கிட்டே வருது. பாவம், எறங்கணும்னு தவிக்கிறார் போல... அந்த அம்மாதான் நிறுத்த மாட்டேங்குது.”