அத்தி மரத்துக்கு அப்புறம்

— கேமராவ உள்ள வை, நுஹாத். வைன்னு சொன்னேன்! ரத்தத்தையும் படம் புடிக்கணுமா உனக்கு?

— உவைத் அண்ணே, இது சாட்சிக்கு. யாரு சுட்டதுன்னு…

— எவன் சுட்டா என்ன? வழி காட்டினது யாரு, அதச் சொல்லு. மூணு மலையாடு! ஒண்ணு வயித்துல குட்டியோட. கொம்ப மட்டும் அறுத்துக்கிட்டு உடம்ப ஈக்கு விட்டுட்டுப் போயிருக்கானுங்க, பாவிப் பயலுங்க.

— எனக்கு மட்டும் வயிறு எரியலையா? ஆறு வருஷமா இதுங்களத்தான படம் புடிக்கிறேன்? அந்தக் கெழட்டுக் கெடாவுக்குப் பேரு வச்சதே நான்தான்.

— பேரும் வச்ச, ஊருக்கும் காட்டின. இந்த ஊத்து சினாய் மலையில எங்க இருக்குன்னு எங்க ஆளுங்களத் தவிர ஒரு ஈ காக்காக்குத் தெரியாது. போன மாசம் நீ போன்ல படத்தப் போட்ட. இந்த மாசம் துப்பாக்கி வந்துருச்சு.

— என் படத்துல என்ன தெரியுது? ஆட்டு மூஞ்சி. தாடியில ரெண்டு சொட்டுத் தண்ணி. பின்னாடி இருக்கிற பாறை கூடத் தெரியாது. இடத்துப் பேரும் போடல. நீங்கதான பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, ‘ம், போடு’ன்னீங்க?

— உன் எழவெடுத்த போனப் பத்தி எனக்கு என்ன தெரியும்? மத்தியானம் பெரியவங்க கூடுறாங்க. அவங்க முன்னால ஆணையிட்டுச் சொல்லப் போறேன், காட்டிக் கொடுத்தது நுஹாத்துன்னு. அப்புறம் இந்த மலையில எவனும் உனக்கு ஒரு வாய் தண்ணி தர மாட்டான். நீ மலை காட்டக் கூட்டிட்டு வர்ற கூட்டத்துக்கு ஒட்டகம் கட்ட மாட்டான்.

— ஆறு வருஷம் உங்க வீட்டு ரொட்டியத் தின்னவ நான்.

— ரொட்டி தின்னவ பண்ற வேலையா இது? கீழ பதினோரு பேரு டீ குடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. கூட்டிக்கிட்டு பஸ் ஏறு.

— அந்தப் பதினோரு பேரும் என் படத்துக்கா வந்திருக்காங்க? உங்க பாட்டுக்கு வந்திருக்காங்க. கணவாயில நீங்க பாடினத எவனோ போன்ல புடிச்சுப் போட்டான். கெய்ரோவுல இப்ப எல்லார் வாயிலயும் அதுதான்.

— நல்ல பாட்டு, நாலு பேரு பாடத்தான் செய்வான். பேச்ச மாத்தாத… யாரு அங்க? ஹம்தாவா? ஆட்ட ஓட்டிக்கிட்டு இங்க எதுக்கு ஏறி வர்ற? திரும்பிப் போ, தங்கச்சி!

— ஏய் கறுப்பி, கொம்பால முட்டாத, தள்ளு… கழுகு சுத்துச்சு, அண்ணே. அதான் பாக்க வந்தேன். ஐயோ… ஐயோ, என் ஆண்டவனே!

— நல்லா பாத்துக்க. எல்லாம் உன் நுஹாத் அக்கா செஞ்ச காரியம்.

— அக்காவா? முந்தாநேத்து வந்தது மூணு ஆம்பளைங்கதான.

— பாத்தியா நீ? துப்பாக்கியப் பாத்துமா சும்மா இருந்த?

— நீளமா துணியில சுத்தி வச்சிருந்தாங்க. கூடாரக் கம்புன்னு நெனச்சேன்.

— போன்ல இவ படத்த வச்சுக்கிட்டுத் தேடினானுங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

— படமெல்லாம் இல்ல. பாடிக்கிட்டு வந்தாங்க.

— என்னத்த?

— உன் பாட்டத்தான். பொளந்த பாறை தாண்டி, செம்மண் ஓடை தாண்டி, ஒத்த அத்தி வரைக்கும். பாட்டுல ஒவ்வொரு அடிக்கும் நின்னு நின்னு சுத்திப் பாத்தாங்க.

— உவைத் அண்ணே… அன்னிக்கே சொன்னேன்ல, அத வெளியாளுங்க முன்னால பாடாதீங்கன்னு?

— நீ பேசாத! பாட்டுன்னா வழி இருக்கும். எங்கப்பன் பாட்டும் அப்படித்தான், அவங்கப்பன் பாட்டும் அப்படித்தான். ஆனா நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. அத்தி மரத்தோட நிறுத்திட்டேன். கடைசி அடிய வெளியாளு முன்னால பாடவே இல்ல, அல்லா மேல ஆணை! அது எங்க வீட்டுக்குள்ள பாடினது. எங்களத் தவிர அதக் கேட்ட ஒரே ஆளு நீதான், நுஹாத். அந்தக் கடைசி அடிய எவ சொன்னாளோ, அவ பேரத்தான் இன்னிக்குப் பெரியவங்க முன்னால சொல்லப் போறேன். தயவு தாட்சணியமே கிடையாது!

— அண்ணே… அத்தி மரத்துக்கிட்ட வந்ததும் அவங்க திகைச்சு நின்னுட்டாங்க. மிச்சம் என்னம்மான்னு தூரத்துலேர்ந்து கேட்டாங்க. உன் பாட்டப் பாடிக்கிட்டு வர்றவங்க உன் விருந்தாளியாத்தான இருப்பாங்கன்னு, நான்தான் பாடிக் காட்டினேன்.