வீட்டுக்குள் ஊதிய விசில்

அவைக்குத் தலைமையேற்று அழகு செய்யும் மேலாளர் அவர்களே! ஓடாத பேருந்தையும் ஒருநாள் விடாமல் துடைத்துவைத்த மூத்த தொழிலாளத் தோழர்களே! கொள்ளைநோய்க் காலத்தில் எங்களை முழுநேரமும் வீட்டில் வைத்துப் பொறுத்துக்கொண்ட தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த நேரக் காப்பாளனின் நெஞ்சார்ந்த வணக்கம்!

ஆறு ஐந்துக்கு வண்டி கிளம்ப வேண்டுமா? ஆறு ஐந்துக்கு என் விசில் ஒலிக்கும். நோய் வந்தது. பேருந்து நின்றது. தெரு அடங்கியது. என் விசில் அடங்கியதா? அடங்கவில்லை, தோழர்களே, என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது!

சிரிக்கிறீர்கள். என் மனைவி சிரிக்கவில்லை, பாருங்கள்.

குளியலறைக் கதவில் கால அட்டவணை ஒட்டினேன். ஆறு மணிக்கு ஆவி பிடித்தல், ஆறு பத்துக்குக் கை கழுவுதல், ஆறு இருபதுக்குக் காய்ச்சல் பார்த்தல். ஏழு மணிக்குச் செய்தி, எட்டு மணிக்குச் செய்தி, ஒன்பது மணிக்கும் அதே செய்தி! தும்மினால் ஒரு விசில், இருமினால் இரண்டு விசில்.

"அலமாரியத் தூசி தட்டறேங்க, தும்மல் வராம என்ன வரும்?" என்று மனைவி கத்துவாள். நான் விடுவேனா? அதற்கும் ஊதினேன்.

அது அக்கறையா? அன்பா? இல்லை, பயம்! அசல் பயம்! அதற்கு அதிகாரியின் சட்டையை மாட்டிவிட்டிருந்தேன்.

ஒரு காலை, கூடத்தில் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறேன். கருகல் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. ஓடிப் பார்த்தால், அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலேயே என் மகள், கையில் பாடப்புத்தகத்தோடு நிற்கிறாள்.

"கூடம் வரைக்கும் நாத்தம் வருது, உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?" என்று விசிலை வாயில் வைத்தேன்.

அவள் பொலபொலவென்று அழுதாள். "ரெண்டு நாளா எந்த வாசனையும் தெரியலப்பா."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன ஆவீங்கன்னு பயமா இருந்துச்சுப்பா. அதான் அம்மாகிட்டகூடச் சொல்லல."

நோய் வரக் கூடாதென்று காவல் நின்றவன் நான். வந்த நோயைப் பெற்ற மகள் என்னிடமிருந்தே ஒளித்துவைத்திருந்தாள்! இன்னும் நான்கு நாள் ஒளித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

விசிலைக் கழற்றி வைத்தேன். "எனக்கும் பயமா இருக்கும்மா. ரொம்பப் பயமா இருக்கு" என்றேன்.

"உங்களுக்காப்பா?" என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்.

"எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி.

மருத்துவரை அழைத்தோம். அவர் சொன்னபடி மகள் தனியறைக்குப் போனாள். செய்தி நாளுக்கு ஒருமுறை என்றானது. மாலையில் கதவுக்கு உள்ளே அவள், வெளியே நாற்காலி போட்டு நாங்கள். அவரவர் பயத்தை வாய்விட்டுச் சொன்னோம். அவளுக்குப் பரீட்சை பயம். எனக்கு அவள் மூச்சு பயம்.

"எனக்கு, இவர் மறுபடி விசிலத் தேடி எடுத்துடுவாரோன்னு பயம்" என்றாள் மனைவி.

இந்தக் கைதட்டல் யாருக்கென்று எனக்குப் புரிகிறது!

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டுத் தட்டோடு கதவருகே போனேன். உள்ளிருந்து ஒரு குரல்: "ச்சீ! அப்பா, அந்தச் சட்டையத் தோய்ச்சு எத்தனை நாளாச்சு? நாறுது!"

நாறுகிறதா? என் கண்ணே, இன்னொரு முறை சொல்! இருபத்தாறு ஆண்டுப் பணியில் இப்படியொரு பாராட்டை நான் வாங்கியதில்லை, தோழர்களே! தட்டோடு ஆடினேன்!

பெற்றோரே! பயப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பயப்படுங்கள்! ஆனால் அதட்டலாகப் பயப்படாதீர்கள், அட்டவணையாகப் பயப்படாதீர்கள். 'பயமாக இருக்கிறது' என்று வாய்திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் பிள்ளைகள் சொல்வார்கள். பிள்ளைகள் சொன்னால்தான் காப்பாற்ற முடியும்!

மூன்றாம் வரிசையில், நலமாக, என் மகள். பேசியது போதும் என்று கைகாட்டுகிறாள். பயமில்லாமல் காட்டுகிறாள்! அந்தக் கைக்கும், இதுவரை கேட்ட உங்கள் காதுகளுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!