பழைய குழியில் ஒரு கொடி

விடியக்காலம் நாலரை மணி இருக்கும். ஒரு ஆள்... தனியா... சின்ன வண்டி ஒண்ணுல போறான். ரெண்டு பக்கமும் புல்லு. வீடு கிடையாது, கடை கிடையாது, தெருவிளக்கு கிடையாது. சுத்தியும் அவ்வளவு பெரிய நகரம், ஆனா அந்தப் பாதையில ஒரு நாய் குரைக்கிற சத்தம்கூட வராது.

சிரிக்காதீங்கப்பா. கண்ணாடியை ஏத்திட்டு எல்லாரும் என் வண்டிக்குள்ள நெருக்கி உக்காருங்க. நம்ம முதலாளிங்க உள்ள சாப்பிட்டு, கை கழுவி, வாசல்ல நின்னு இன்னொரு தடவை ஊர்க்கதை பேசி வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடுறேன். நடுவுல போன் நோண்டுறவன் இறங்கிப்போய் அவன் வண்டியில தனியா உக்காந்துக்கலாம். என்ன, யாரும் இறங்கலையா? அது.

இது எனக்கு நடந்ததில்ல. என் கூட்டாளி ஒருத்தன், ஆம்புலன்ஸ் ஓட்டுறவன். பொய் சொன்னா மூஞ்சியிலயே தெரிஞ்சுடும், அப்படிப்பட்ட பய. அவனோட தங்கச்சி வீட்டுக்காரனுக்கு நடந்தது. இதே மாதிரி ஒரு கோல்ஃப் க்ளப்புதான். எந்த க்ளப்புன்னு கேக்காதீங்க. நாளைக்கே நீங்க அங்க வண்டி நிறுத்த வேண்டியிருக்கும்.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்குமே அங்கதான் வேலை. அவன் புல்லு பாக்குறவன். அவ கேடி. போலீஸ் தேடுற கேடி இல்லடா, பல்லைக் காட்டாத. ஆட்டக்காரங்களோட பையைச் சுமந்துக்கிட்டு கூடவே நடக்கிற வேலை. க்ளப்பு மதிலை ஒட்டியே குடியிருப்பு. ஒரே பொம்பளப் புள்ள, அப்பதான் பள்ளிக்கூடம் சேர்த்திருந்தாங்க.

அந்த வேலையில ஒரு முறை இருக்கு. ஆட்டக்காரங்க குழிகிட்ட வந்ததும், அதுல நட்டிருக்கிற கொடியை கேடி பிடுங்கிக் கையில வச்சுக்கணும். எல்லார் பந்தும் உள்ள விழுந்ததும் திரும்ப நட்டுட்டுதான் நகரணும். கொடியை நடாம எந்தக் கேடியும் அடுத்த இடத்துக்குப் போக மாட்டாங்க. அது கைப்பழக்கம். நாம இறங்கினதும் வண்டியைப் பூட்டுறோமே, அது மாதிரி.

ஒரு சாயங்காலம். கடைசிக் கோடியில இருக்கிற குழி. மேகம் கறுத்துட்டு வருது. உள்ள வந்துடுங்கன்னு க்ளப்புல சங்கு ஊதிட்டாங்க. ஆட்டக்காரங்க போட்டது போட்டபடி வண்டியில ஏறிட்டாங்க. இவளும் ஏறிட்டா. ஏறினவ... இறங்கினா. கையில கொடி இருக்கே.

யாரும் போகச் சொல்லல. வேண்டாம்னும் யாரும் சொல்லல. குழிக்கும் அவளுக்கும் நடுவுல கை நீட்டுற தூரம்தான். மின்னல்... அந்த இரும்புக் கம்பு மேலயே இறங்கிடுச்சு.

என் கூட்டாளி எத்தனையோ பேரைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினவன். தங்கச்சிக்கு வேற யாரோதான் வண்டி ஓட்டினாங்க.

காரியமெல்லாம் முடிஞ்சு மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பினான். அவன் வேலை என்னன்னா, ஆட்டக்காரங்க வர்றதுக்கு முன்னாடி புல்லுல இருக்கிற பனியை நீளக் கம்பால தட்டி, புல்லை வெட்டி, குழியை இடம் மாத்தணும். ஒரே இடத்துல குழி இருந்தா மிதிபட்டுப் புல்லு செத்துரும். அதனால வேற இடத்துல உருளையா மண்ணை வெட்டியெடுத்து, அதைப் புல்லோட பழைய குழியில சொருகி அடைச்சிடுவாங்க. அப்புறம் பழைய இடம் எதுன்னு அடைச்சவனுக்குத்தான் தெரியும். அந்தக் கடைசிக் குழியையும் அவன் கையாலயே அடைச்சான்.

மறுநாள் விடியக்காலம் போறான். புதுக் குழியில கொடி இல்ல. பழைய குழி இருந்த இடத்துல... பனியில... படுத்துக் கிடக்கு. எவனோ விளையாடியிருக்கான்னு திட்டிக்கிட்டே எடுத்து நட்டான். மறுநாளும் அதே கதை. அதுக்கு மறுநாள் கொஞ்சம் முன்னாடியே போனான். வண்டியை நிறுத்தினதும் சத்தம் கேக்குது. டொப்... டொப்... ஈரத் தரையில கம்பால குத்துற சத்தம். கருகின முடி வாசனை.

டார்ச் அடிச்சான். சத்தம் நின்னு போச்சு. ஆள் இல்ல. ஆனா பனி இருக்கே, அது கோலமாவு தூவின மாதிரி வெள்ளையா இருக்கும், யாரு நடந்தாலும் தடம் விழும். விழுந்திருந்துச்சு. வெறுங்கால் தடம். வலது கால் மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமா திரும்பி. சின்ன வயசுல அண்ணன் சைக்கிள்ல இருந்து விழுந்து, கால் கோணலாக் கூடினவ அவ.

நீங்களா இருந்தா வேட்டி அவுந்தது தெரியாம ஓடியிருப்பீங்க. அவனுக்குப் பயமே வரலையாம். சந்தோஷமா இருந்துச்சாம். அதுதான்யா கொடுமை. தினம் சீக்கிரமாப் போய் அந்தத் தடத்துக்குப் பக்கத்துல உக்காந்து பேசுவானாம். புள்ள சரியாச் சாப்பிட மாட்டேங்குது, எனக்குத் தலை பின்ன வரல, சிக்கெடுத்தா அழுவுறா... இப்படி. விடிஞ்சதும் பனியைத் தட்டணும். தட்டினா அவ தடமும் போயிடும். அந்த இடத்தை மட்டும் கடைசியா வச்சிருந்துதான் தட்டுவானாம்.

அவ எதைத் தேடுறான்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. கொடியை நடணும். அவ விட்டுட்டுப் போன இடத்துல குழி இல்ல. பழைய இடத்துலயே திரும்ப ஒரு குழி வெட்டிட்டா அவ வேலை முடிஞ்சிடும். முடிஞ்சா... போயிடுவா. அதனால அவன் என்ன பண்ணினான் தெரியுமா? வேணும்னே ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தை விட்டுத் தள்ளித் தள்ளியே வெட்டினான். பாவம்னு சொல்றதா, படுபாவின்னு சொல்றதா, நீங்களே சொல்லுங்க.

வீட்டுல அந்தப் புள்ள கேக்கும், அம்மா எங்கன்னு. செத்துட்டான்னு சொல்ல வாய் வரல. அம்மா ட்யூட்டியில இருக்கான்னு சொல்லி வச்சிருந்தான். அதுவும் தினம் சாயங்காலம் பரட்டைத் தலையோட வாசல்படியில உக்காந்துக்கிட்டு, "இன்னும் ட்யூட்டி முடியலையாப்பா?"ன்னு கேக்குமாம்.

அப்புறம் ஒரு நாள். பனி கொஞ்சம் அதிகம். டார்ச் அடிச்சுப் பாக்குறான், கால் தடத்தோட கூட வேற என்னமோ இருக்கு. குனிஞ்சு பாத்தான். உள்ளங்கை தடம். அஞ்சு விரலும் விரிச்சு... அங்க, இங்க, அந்த இடம் பூரா. நடுவுல முட்டி போட்டு ஊர்ந்த தடம். குழியைக் கையால தடவித் தடவித் தேடியிருக்கா.

அதைப் பாத்ததும் அவன் அப்படியே உடைஞ்சு போயிட்டான். என் ஆசைக்கு அவளைத் தினம் முட்டி போட வச்சேனேன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதானாம். அழுதுட்டு எழுந்து, கருவியை எடுத்தான். பழைய இடத்துலயே, அந்த உள்ளங்கை தடத்துக்கு நடுவுல, குழி வெட்டினான். கொடியைப் பக்கத்துல படுக்க வச்சான்.

"நட்டுட்டுக் கிளம்பும்மா. போதும்." அவ்வளவுதான் சொன்னான். கொடியை ஏன் நடலைன்னு மேலதிகாரிங்க கேட்டதுக்கு, கொடிக் கம்பு வளைஞ்சிருக்கு, நாளைக்கு மாத்திடுறேன்னு ஏதோ சொல்லிச் சமாளிச்சிட்டான்.

மறுநாள் போனா... கொடி நட்டிருக்கு. நேரா, அழுத்தி. காத்துல துணி படபடங்குது. ஒரே ஒரு தடம்தான் அங்கிருந்து கிளம்பிப் போகுது. கடைசியாப் பாத்துக்குவோம்னு அது பின்னாடியே நடந்தான். தடம் பாதையைத் தாண்டுச்சு. குளத்தங்கரை ஓரமாப் போச்சு. மதிலை ஒட்டித் திரும்புச்சு. போய் நின்ன இடம், அவன் வீட்டு வாசல்படி. கால்மிதி ஈரமாக் கிடக்கு. உள்ள புள்ள தூங்குது. தலையை யாரோ வழவழன்னு சிக்கெடுத்து, இறுக்க ரெட்டைப் பின்னல் போட்டிருக்காங்க. பின்னல் நுனி ஈரம்.

இதையெல்லாம் அவனே என் கூட்டாளிகிட்ட சொன்னது. இவன் ஒரு ஞாயித்துக்கிழமை புள்ளையைப் பாக்கப் போயிருந்தான். பட்டப்பகல். மடியில வந்து உக்காந்துச்சாம். ரெட்டைப் பின்னல். யாரு கண்ணு பின்னி விட்டான்னு கேட்டா, அம்மான்னு சொல்லுது. புள்ள ஏக்கத்துல சொல்லுதுன்னு இவன் நினைச்சான். மாப்பிள்ளை கதை சொல்லச் சொல்ல இவனுக்குப் பொறுக்கல. துக்க வீட்டுல அடக்கி வச்ச அழுகையெல்லாம் அன்னைக்கு வந்துடுச்சு. என் தங்கச்சிக்கு நான் வண்டி ஓட்டலையேன்னு வாய்விட்டுக் கதறிட்டான்.

மாப்பிள்ளை பதறிப்போய் எழுந்து, உள்ரூம் கதவை மெதுவாச் சாத்தினானாம். திரும்பி வந்து, வாயில விரலை வச்சு...

"சத்தம் போடாதீங்க மச்சான். எத்தனை நாள் நின்ன காலு... இப்பதான் கண்ணசந்தா."

அந்த வீட்டுல இருந்ததே மூணு பேரு. புள்ள இவன் மடியில உக்காந்து, முழிச்சுக்கிட்டு, இவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டு இருந்துச்சு.