பூட்டிய அறையில் ஊதுபத்தி

சனிக்கிழமை, ஹில்கிராஃப்ட் சாலையில் உள்ள இந்திய மளிகைக் கடையின் பில் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் நின்றிருந்தார்கள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. அவர்கள்தான் சத்தமாகப் பேசினார்கள்.

“பையனுக்கு பக்தி வந்துடுச்சுன்னு மாமியார்கிட்ட பெருமையா சொல்லிட்டேன்க்கா,” என்றார் இளையவர்.

“நல்ல விஷயம்தானே?”

“டெய்லி ஸ்கூல் விட்டு வந்ததும் ரூம்ல ஊதுபத்தி ஏத்துவான். நானும் சந்தோஷமா வாங்கிக் குடுத்துட்டு இருந்தேன். வியாழக்கிழமை ஸ்கூல்லேர்ந்து போன். அவன் பேக்ல...” குரலைத் தாழ்த்தினார். “கஞ்சா இருந்துச்சாம். அந்த வாசனைய மறைக்கத்தான் ஊதுபத்தி.”

“ஐயோ. லெவன்த் கிரேட்தானே அவன்?”

“டென்த்துதான்க்கா. கேட்டா, ‘இட்ஸ் நாட் எ பிக் டீல், மாம்’ங்கிறான்.”

வரிசை நகர்ந்தது. மூத்தவர் நகரவில்லை.

“அப்போ ரூம் கதவ பூட்டிப்பானா?”

“ஆமா. தியானம் பண்றான்னு நினைச்சேன்.”

மூத்தவர் தன் தள்ளுவண்டியில் கொத்தமல்லிக் கட்டுக்கு அடியில் கிடந்த நான்கு ஊதுபத்திப் பாக்கெட்டுகளை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

“என் பொண்ணுதான் வாங்கிட்டு வரச் சொன்னா,” என்றார்.