வக்தியின் சப்வூஃபர் கேபிளும் தானே கழன்ற என் கடைவாய்ப்பல்லும்

என் பெயர் ஷவ்கி, தகப்பனார் பெயர் அப்துல் மவ்லா. வயது அறுபத்து மூன்று. அலெக்சாந்திரியா நகரம், கேம்ப் சீசர் பகுதியில், டிராம் பாதையை ஒட்டிய மஞ்சள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்து வருகிறேன். டிராமில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் இப்போது சொல்லப்போவதை இந்த ஊரில் ஒரு ஜீவனும் நம்பாது என்று மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன். இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கும் காவல் நிலைய அதிகாரி, நான் பெயர் சொன்னபோதே நம்பாத முகத்துடன்தான் இருந்தார்.

புகாரில் கண்ட வக்தி என் தங்கை இன்ஷிராஹின் கணவர். இருவரும் மூன்றாம் மாடியில் வசிக்கிறார்கள். அவர்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், புகார்தாரரான பல் மருத்துவர் பஹ்கத்தின் கிளினிக் இருக்கிறது. வக்தியின் கூடத்தில் சப்வூஃபர் என்னும், பாட்டின் அடித்தொனியை முழக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று உண்டு. குளிர்சாதனப் பெட்டிக்குத் தம்பி மாதிரி இருக்கும். அதன் அடித்தொனி, காதைக் கேட்காமல் நேராக வயிற்றுக்குள் போய் உட்காரும். ஆனால் பழைய கேபிள் சரியில்லாததால், எந்தப் பாட்டைப் போட்டாலும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், வீட்டை விட்டுப் போகாத விருந்தாளியைப்போல இருந்துகொண்டே இருந்தது.

அந்த முனகலைச் சகிக்காத என் தங்கை, "அண்ணே, நீங்களே சாட்சி. இந்தச் சனியன் வாய மூடலேன்னா, தெருவுல பழைய சாமான்காரன் கூவிக்கிட்டு வருவான்ல, அவன் வண்டியில ஏத்திவிட்டுட்டுத்தான் எனக்கு மறுவேலை" என்று என் முன்னிலையில் சொன்னாள்.

வக்தி அந்தப் பெட்டியை விடாததற்குக் காரணம் உண்டு. அவர்களது கல்யாணத்தன்று எங்கள் தகப்பனார் வீட்டு மரத்தரையில், மணப்பெண் நாற்காலிக்குக் கீழே ரெக்கார்டரை வைத்து, மேளம் பாட்டு எல்லாவற்றையும் கேசட்டில் பதிவு செய்தவன் நான். என் தங்கையோ, அன்றைக்குச் சலவைக்கல் சிலைபோல அசையாமல் உட்கார்ந்திருந்ததாக மகள்களுக்கும் மருமகள்களுக்கும் பாடம் நடத்தி வருபவள். வக்தி மட்டும், "வெள்ளை கவுனுக்குள்ள இவ கால் ஆடுச்சு மச்சான், மேளத்தோட சேர்ந்து குதிகாலால தாளம் போட்டா" என்று கல்யாணமான நாள் முதல் சொல்லி வருகிறார். யாரும் நம்பியதில்லை. நானும் நம்பியதில்லை. அந்தக் குதிகால் கேசட்டுக்குள் இருக்கிறது, முனகல்தான் அதன்மேல் படுத்திருக்கிறது என்பது அவர் கட்சி.

அதன் பின்னர் வக்தி, அத்தாரீன் கடைவீதிக்குச் சென்று புதிய கேபிள் ஒன்று வாங்கி வந்தார். விலாங்கு மீன் பருமன். மேலே வெள்ளிப் பின்னல். அதை அவர் இரு கைகளிலும் ஏந்தி டிராமிலிருந்து இறங்கியபோது, தெருவில் போனவர்கள் மணப்பெண் வருகிறாள் என்று நினைத்துக் குலவையிட்டார்கள். கேபிளில் அச்சிட்டிருந்த அம்புக்குறி பெட்டியைப் பார்க்கும்படி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினார். இவரைப் போன்ற ஒலிப்பெட்டிப் பித்தர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம்: புதுக் கேபிளை உடனே கேட்கக் கூடாது, முதலில் ஓடவிட்டுப் பழக்க வேண்டும். "செருப்புகூட ரெண்டு நாள் கடிச்சாத்தான் மச்சான் சொன்ன பேச்சு கேக்கும்" என்றார். எனவே இன்று காலை, காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த ஒரே தொனியை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, மனைவியுடன் அகமி கடற்கரைக்கு விருந்துக்குப் போய்விட்டார்.

அச்சமயம் நான் மருத்துவர் பஹ்கத்தின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்தேன். சத்தம் ஏதும் கேட்கவில்லை. ஆனால் மேசைமேல் இருந்த பல்செட் ஒன்று எழுந்து நடந்து, தேநீர்க் கோப்பையைக் கடித்தது. அதன் பின்னர் என் கடைவாய்ப்பல், மருத்துவர் தொடுவதற்கு முன்பே, தானாகக் கழன்று தட்டில் விழுந்தது. அதன் பின்னர் டிராம் நின்றது, கடல் ஒரு முழம் பின்வாங்கியது, கட்டடத்தார் அனைவரும் பூகம்பம் என்று பைஜாமாவுடன் தெருவில் இறங்கினார்கள். மருத்துவர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசினார்.

காவலர் ஒருவர் வந்து சேர்ந்த நேரத்தில் வக்தியும் என் தங்கையும் திரும்பி வந்தார்கள். மருத்துவரும் நானும் அவர்களோடு மேலே போனோம். கதவைத் திறந்து தொனியை நிறுத்தினார் வக்தி. "பொட்டியை எடு, ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றார் காவலர். "எடுத்துக்கங்க ஐயா. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேசட்" என்று வக்தி கெஞ்சினார். மருத்துவர், "போடுங்க, போலீஸும் தன் வயித்துல வாங்கிப் பாக்கட்டும்" என்றார்.

கேசட் ஓடியது. முனகல் இல்லை. துடைத்து வைத்த கண்ணாடிபோல அமைதி. அதன்மேல் மேளம். மேளத்துக்கு அடியில், மரத்தரையில், டும்... டும்... டும்.

"அது யாரு காலு?" என்று வக்தி கேட்டார்.

"மேளம்" என்றாள் என் தங்கை.

"மேளக்காரன் இவ்வளவு சுத்தமா தாளம் போட்டிருந்தா, அன்னிக்கே அவனைக் கெய்ரோவுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க."

"அப்ப தரை."

"தரை தானா ஆடுமா இன்ஷிராஹ்?"

"இன்னிக்கு ஆடுச்சுல்ல? டாக்டரையே கேளுங்க" என்றாள். ஆனால் அவள் முகம் மாதுளையாகச் சிவந்திருந்தது.

அதே சமயம் தெருவில் பழைய சாமான்காரன் கூவுவது கேட்டது. என் தங்கை எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அதன் பின்னர் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "தூக்குறதா இருந்தா என்னையும் சேத்துத் தூக்குய்யா" என்றாள். காவலர் மூன்று மாடியும் அவளோடு சேர்த்தே பெட்டியைச் சுமந்து இறங்கினார். ஒட்டகப் பல்லக்கில் சுல்தானின் மகள்கூட அப்படி இறங்கியிருக்கமாட்டாள். வக்தி கேபிளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

இனிமேல் கிளினிக் மூடிய பிறகே பெட்டியைப் பாடவிடுவதாக வக்தி ஒப்புக்கொள்கிறார். அதைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அதில் பல்செட்டையும் டிராமையும் கடலையும் இத்தால் திரும்பப் பெறுகிறேன். என் பல்லை மருத்துவர்தான் பிடுங்கினார், வலித்தது. குலவை யாரும் இடவில்லை. பெட்டியை இறக்கியது காவலரும் வக்தியும் நானுமாக, தங்கை பின்னால் நடந்துதான் வந்தாள். ஆனால் அந்தக் குதிகால் சத்தம் மட்டும் உண்மை. அதை வாபஸ் வாங்கமாட்டேன். சந்தேகம் இருந்தால் அதிகாரி கதவைத் திறந்து தாழ்வாரத்தைப் பார்க்கட்டும். அவள் அந்தப் பெட்டிமேல்தான் உட்கார்ந்திருக்கிறாள், வக்தி வாய்க்குள் ஏதோ பாடுகிறார், அவள் கால் சும்மா இல்லை.

(ஒப்பம்) ஷவ்கி அப்துல் மவ்லா