எக்ஸ், என், ரெண்டு கோடு

லியனார்ட்: இத வாசிச்சுக் காட்டு பாப்போம். எக்ஸ், என், ரெண்டு சின்னக் கோடு... அப்புறம் ஒரு முழத்துக்குத் தலயும் இல்ல, வாலும் இல்ல.

பெற்றீசியா: கடதாசித் துண்டுல எழுதியா வச்சிருக்கீங்க?

லியனார்ட்: கடையில நெட் பாக்க வச்சிருக்கோமே, அந்த ரெண்டாம் நம்பர் கம்பியூட்டர்ல இருந்துச்சு. நீயும் அந்தச் சேரும் எந்திரிச்சுப் போனப்பறம் பாத்தேன்.

பெற்றீசியா: சஞ்சயன் சேர்னு பேரச் சொல்லலாமே.

லியனார்ட்: அதத்தான் நீ சொல்லிக்கிட்டே இருக்கியே. யாழ்ப்பாணத்துல இருந்து நம்ம ஸ்கூலுக்குப் படிப்பிக்க வந்த மனுசன். நாலு மணி ஆனா என் போட்டோ ஸ்டூடியோவுல, என் பொண்டாட்டி பக்கத்துல. அவருக்குப் பால் டீ. எனக்கு பிளேன்டீ.

பெற்றீசியா: பால் குடிச்சா நெஞ்சக் கரிக்குதுன்னு நீங்கதான...

லியனார்ட்: பேச்ச மாத்தாத. இது ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் வெளங்குற எழுத்தா?

பெற்றீசியா: ஐயோ... அது ஒரு வெப்சைட்டோட பேருங்க. தமிழ்ப் பேரு.

லியனார்ட்: இதுல எங்க தமிழ்?

பெற்றீசியா: உள்ள இருக்கு. பேரக் கேட்டு எடத்தச் சொல்ற கம்பியூட்டருங்க இருக்கே, அதுகளுக்கு இங்கிலீசு எழுத்து மட்டுந்தான் பழக்கம். நாம தமிழ்ல அடிச்சா, பிரவுசர் அத இப்பிடி மாத்தி எடுத்துக்கிட்டுப் போய்க் கேக்கும். அதுக ஒரு நம்பரக் குடுக்கும். அந்த நம்பர வச்சுத்தான் பக்கம் தொறக்கும்.

லியனார்ட்: சேர் சொல்லிக் குடுத்தாரோ?

பெற்றீசியா: ஆமா. காலையில வேலைக்கு ஆள் கூப்புடுற பெரட்டுல கங்காணி ஒங்கம்மாவப் பேரச் சொல்லிக் கூப்புட்டாலும், தோட்டத்து ஆபிசுல நம்பர்தான? அந்த மாதிரின்னு நானா புரிஞ்சுக்கிட்டேன்.

லியனார்ட்: எங்கம்மாவ ஏன் இழுக்கிற... சரி, தமிழ்லயே அடி.

பெற்றீசியா: இந்தப் பழைய பிரவுசருக்கு மாத்தத் தெரியாது. பக்கமே இல்லன்னு சொல்லிரும். அதான் சேர் மாத்திக் குடுத்த எழுத்த நேரா அடிக்கிறோம். புதுசு ஒண்ண எறக்கலாம்னா, பாதியில டெலிபோன் லைன் போயி நெட் நின்னுருது.

லியனார்ட்: ...மழ பேஞ்சா அப்பிடித்தான்.

பெற்றீசியா: நாலு மணிக்கு மட்டும் பேயுற மழ. ஏங்க... பின் ரூம்ல டெலிபோன் வயரப் புடுங்குறது நீங்கதான?

லியனார்ட்: வேற என்ன செய்யச் சொல்ற? அந்தாளு ஒரு பகிடி விட்டா கடை முழுக்கக் கேக்குற மாதிரிச் சிரிக்கிற. என்கிட்ட அப்பிடிச் சிரிச்சு எத்தன வருசம்...

பெற்றீசியா: நீங்க எங்க பகிடி விடுறீங்க? இன்னைக்கு வயரச் சும்மா வுட்டுட்டு இப்பிடிப் பக்கத்துல ஒக்காருங்க. எறக்குறேன்.

லியனார்ட்: அரை மணித்தியாலம் ஆகுமே.

பெற்றீசியா: ஆகட்டும். சேர் பக்கத்துல மூணு வாரம் ஒக்காந்தேன்ல.

லியனார்ட்: குத்துறியா... குத்து, குத்து.

பெற்றீசியா: பொறுங்க... இன்னும் கொஞ்சம்... ஆ, முடிஞ்சிருச்சு. இப்ப அடிக்கிறேன், பாருங்க. லி... ய... னா...

லியனார்ட்: அது என் பேரு...

பெற்றீசியா: 'லியனார்ட்படங்கள்'. கடைசியில டொட் கொம் மட்டும் இங்கிலீசு. ஒங்க பொறந்த நாளைக்குக் காட்டலாம்னு இருந்தேன். எங்க வுட்டீங்க?

லியனார்ட்: பனிக்குள்ள தலவாக்கலை ஸ்டேசன்... இது நோட்டன் பிரிட்ஜ் அணையில வான்கதவு தொறந்த அன்னைக்கு... பெற்றீ, இதெல்லாம் நீயா ஸ்கேன் பண்ணுன?

பெற்றீசியா: நீங்க எடுத்த இருநூத்திப் பத்துப் படம். சேர் ஏத்திக் குடுத்தாரு.

லியனார்ட்: நல்ல மனுசன நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்... ஆனா ஒண்ணு மட்டும் காணோமே. லிந்துலை மாதா திருநாள்ல எடுத்தது.

பெற்றீசியா: ஷெரோமி படமா?

லியனார்ட்: நான் பேரே சொல்லலயே...

பெற்றீசியா: கல்யாணத்துக்கு முன்னால ஒங்களுக்குப் புடிச்ச பொண்ணு. நெகட்டிவ நம்ம புள்ளையோட ஞானஸ்நான ஆல்பத்துக்குள்ள செருகி வச்சிருந்தீங்க. மத்தப் படமெல்லாம் ஒலகம் பாக்கட்டும்னு ஆசப்பட்டேங்க... அத மட்டும் அடுப்புல போட்டுட்டேன்.